வெல்லம் தட்டிய விரல்

ஆடிப்பெருக்கன்று காலையில் விரலில் குத்திப் பார்த்து, சுகர் அளவுக்குள் இருந்தால்தான் எனக்குக் காப்பரிசி. என் மனைவி போட்ட சட்டம். ஊறவைத்த அரிசியில் வெல்லமும் தேங்காயும் எள்ளும் கலந்து, காவேரிக்குப் படைத்துவிட்டு ஆளுக்கொரு பிடி தருவார்கள். அந்த ஒரு பிடிக்காக ஒரு வாரம் சர்க்கரை போடாத காபி குடித்தேன்.

குத்தினாள். மெஷினில் எண் எகிறியது.

"தின்னுட்டீங்களா?"

முழித்தேன். அந்த முழியே சாட்சியாகிவிட்டது.

லீவுக்கு வந்திருந்த கொழுந்தியா மகள் சிரித்தாள். தஞ்சாவூரில் ஆராய்ச்சி செய்கிறவள். ரத்தம் தொட்டு மெஷினில் செருகும் பட்டையில் தடவியிருக்கும் என்சைம்தான் அவள் ஆராய்ச்சி. கறுப்புப் பூஞ்சணத்திலிருந்து எடுப்பதாம்.

"பூஞ்சணத்துலயாடி இவர் ரத்தத்த வைக்கிறோம்?"

"பெரியம்மா, அந்த என்சைம் நூல் சுருண்ட பந்து மாதிரி. அதுல ஒரு குழி. குழிக்கு அடியில மஞ்சளா ஒண்ணு உக்காந்திருக்கும், பி டூ வைட்டமின்லேர்ந்து வந்தது. அது இல்லன்னா பந்து தண்டம். குளுக்கோஸ் உள்ள வந்தா அதோட ஹைட்ரஜன இந்த மஞ்சள் பிடுங்கிக்கிட்டு உடனே வெளுத்துடும். அந்த ஹைட்ரஜன ஆக்சிஜன்கிட்ட தள்ளிவிட்டா திரும்ப மஞ்சள். லேப்ல குழாயத் திறந்து குலுக்கினா கண்ணாலயே பாக்கலாம். பட்டையில ஆக்சிஜனுக்குப் பதிலா வேற கெமிக்கல் வாங்கிக் கரன்ட்டாக்கும். அதத்தான் மெஷின் அளக்குது."

"அதுக்கும் இவர் திருடினதுக்கும் என்ன?"

"உள்ள வர்ற குளுக்கோஸ் ரத்தத்துலேர்ந்து வந்துதா, விரல்லேர்ந்து வந்துதான்னு அதுக்குத் தெரியாது. பெரியப்பா, காலையில என்ன வேல பாத்தீங்க?"

"வெல்லம் தட்டினேன். உங்க பெரியம்மாதான் தட்டச் சொன்னா."

என் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மனைவி மறுபடி குத்தினாள். அளவுக்குள்தான் இருந்தது.

அவளுக்கு மனசு ஆறவில்லை. "மெஷின் ஆளப் பாத்துப் பேசுது" என்று தன் கையையும் நன்றாகக் கழுவிக் குத்திக்கொண்டாள். எகிறியது. திரும்பக் கழுவிக் குத்தினாள். அப்போதும் எகிறியது.

"பெரியம்மா, இன்னிக்கு எத்தனாவது காபி?"

நான் ஒரு வாரமாக விட்டுக்கொடுத்த சர்க்கரை எங்கே போனதென்று அப்போதுதான் புரிந்தது.

சட்டம் சட்டம்தான். படித்துறையில் அவள் தன் பிடியை ஆற்றில் விட்டாள். "காவேரிக்கென்ன, சுகரா?"

நான் முதுகைக் காட்டி நின்று என் பிடியைத் தின்றேன். தின்கிற முகத்தைப் பார்த்தால் பாதி கேட்பாள்.