பெயர் பொய், சர்க்கரை நிஜம்

புதன்கிழமை காலை 8.10க்கு லேபிலிருந்து போன் வந்தது. "அண்ணா, நேத்து அனுப்பின ராஜ்குமார் சாம்பிள்ல சுகர் நானூறைத் தாண்டுது. டாக்டர்கிட்ட உடனே சொல்லிடுங்க."

மேற்குத் தாம்பரத்தில் ஒரு யூராலஜி கிளினிக்கின் முன்மேசையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். டோக்கன் கொடுப்பது, பெயர் பதிவது, ரிப்போர்ட்டுகளை ஃபைலில் சேர்ப்பது என் வேலை. நடப்பதை நேரத்தோடு டைரியில் எழுதும் பழக்கமும் உண்டு. இங்கே தேதியை விட்டுக் கிழமையை மட்டும் தருகிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், அந்த நோயாளி சொன்ன பொய்ப் பெயர் உட்பட.

செவ்வாய் மாலைக் குறிப்பு இது: "6.40. டோக்கன் 16. ராஜ்குமார், 43. வாட்டர் ஃபில்டர் சர்வீஸ். சிவப்பு ஹெல்மெட், பின்னால் மயில் ஸ்டிக்கர். கழற்றவேயில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூன்று முறை தண்ணீர் குடித்தார்."

இவரைப் போல ஆண்குறி விறைப்புக் குறைபாட்டுக்காக வருகிறவர்களில் பலர் ஹெல்மெட்டோடுதான் காத்திருப்பார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம். தண்ணீர் குடித்ததை எழுதினேனே தவிர, அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

டாக்டர் அறைக்கும் எனக்கும் நடுவே பிளைவுட் தடுப்புதான். "மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க டாக்டர், டெஸ்ட்லாம் எதுக்கு?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

"சுகரோ, பிரஷரோ, இதயமோ, எதுல கோளாறு இருந்தாலும் சில பேருக்கு முதல்ல இந்த விறைப்புக் குறையாத்தான் வெளிய தெரியும். ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

மனமில்லாமல்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

லேப் சொன்னதை டாக்டரிடம் போனில் சொன்னேன். "பைக்ல சுத்துற ஆளுய்யா. எங்கயாவது மயங்கி விழுந்தா என்ன ஆகும்? இப்பவே வரச் சொல்லுங்க" என்றார்.

பதிவில் இருந்த எண்ணை அழுத்தினேன்.

"ராஜ்குமார் சாருங்களா? நேத்து சாயந்திரம் வந்தீங்களே..."

"நான் எங்க வந்தேன்? நேத்து ஃபுல்லா மறைமலை நகர்ல ஷிப்டு. யார் நீங்க? காலங்காத்தால பேஜார் பண்ணிக்கினு!"

குரல் வேறு. வந்தவர் மென்மையாகப் பேசியவர். இது பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும் குரல். வந்தவர் இன்னொருவரின் பெயரையும் எண்ணையும் கொடுத்திருக்கிறார் என்று புரிந்தது. கிளினிக் பெயரைச் சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாமல் வைத்தால் ஆளே கிடைக்க மாட்டார். டைரி எதிரே திறந்திருந்தது.

"ஒருத்தர் ஹெல்மெட்டை மறந்துட்டுப் போயிட்டார் சார். இந்த நம்பர்தான் குடுத்திருக்கார். சிவப்பு, பின்னால மயில் ஸ்டிக்கர்."

"அட, அது நம்ம முரளிதுப்பா! என் தங்கச்சி வூட்டுக்காரர். எங்க கீது சொல்லு, நான் வந்து வாங்கிக்கறேன்."

"இல்ல சார், அவர் கையிலதான் குடுக்கணும். ரூல்."

"ஹெல்மெட்டுக்கு இன்னாய்யா ரூலு?" என்று சிரித்துவிட்டு முரளியின் எண்ணைச் சொன்னார்.

முரளி எடுத்ததும் கிளினிக் பெயரைச் சொன்னேன்.

"மச்சான்கிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"ஹெல்மெட்டை விட்டுட்டுப் போனீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

"ஹெல்மெட் என் தலைலயே கீதே சார்!"

"இருக்கட்டும். சுகர் நானூறுக்கு மேல. வண்டியை ஓரமா நிறுத்திட்டு ஆட்டோ பிடிச்சு வாங்க."

"சுகரா? எனக்கா? அதெல்லாம் எனக்குக் கிடையாதே..."

"நேத்துலேர்ந்து எத்தனை பாட்டில் தண்ணி குடிச்சீங்க?"

"இதோ வர்றேன் சார்" என்றார். அப்போது வண்டலூரில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தாராம். 9.25க்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். உதடு காய்ந்திருந்தது. நிற்க முடியாமல் தள்ளாடினார். டாக்டர் பார்த்துவிட்டு அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான்கு நாள் அங்கே இருந்தார். ஒரு நாள் தள்ளியிருந்தால் நினைவே தப்பியிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம்.

ஆறு மாதம் கழித்து மனைவியோடு வந்தார். சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. முதலில் எதற்காக வந்தாரோ அந்தப் பிரச்சினையும் முக்கால்வாசி சரியாகிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னாராம். அவரைப் பற்றிப் பிறகு யோசித்திருக்கிறேன். சர்க்கரையால் காலில் எரிச்சல் என்றால் களிம்பு தடவியிருப்பார், அசதி என்றால் டீ குடித்திருப்பார். இந்த ஒரு குறைதான் அவரை எங்கள் படி ஏறவைத்தது. அதை வெளியே தெரியாமல் மூடவே அவ்வளவு பாடுபட்டார்.

தப்பு என் பக்கமும் உண்டு. எண்ணைப் பதிந்தவுடன் ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். முன்மேசை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: பெயரை அவர் இஷ்டப்படி சொல்லட்டும், ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம். "நாங்க கூப்பிட்டா நீங்களே எடுக்குற நம்பர் எது சார்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் பையில் போன் அடிக்கிற சத்தம் கேட்ட பிறகு டோக்கன் கொடுங்கள்.