தோற்ற பிறகு வைத்த சஹன்

எங்கள் பகுதியில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்ணின் வீட்டோடு போய்விடுவான். நான் காக்கா என்று கூப்பிடும் என் அண்ணனும் அப்படித்தான் பக்கத்து ஊருக்குப் போனார். உதைபந்தாட்டத்தில் அந்த ஊர்தான் எங்களுக்குப் பரம எதிரி.

இந்தப் பெருநாள் போட்டி அவர்களுடைய மைதானத்தில் நடந்தது. கடைசி நேரத்துக் கோலில் நாங்கள் தோற்றோம். யார் வென்றாலும் ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்காரர் சோறு சமைத்து வைப்பார்கள். இரண்டு ஊராரும் கலந்து, ஒரு சஹனுக்கு ஆறு பேராகச் சுற்றி உட்கார்ந்து அந்தப் பெரிய தட்டில் சாப்பிடுவோம். இம்முறை எங்கள் ஆட்கள் மத்தியஸ்தரை ஏசிவிட்டு நேரே பஸ்ஸில் ஏறினார்கள். சாப்பிடக் கூப்பிட வந்த காக்காவைப் பார்த்து, "ஊர வித்தவன்!" என்று ஒருவன் கத்தினான். எங்கள் ஊருக்காகக் கோல் காத்து முன்பல்லை இழந்தவர் அவர்.

தோற்றால் என்ன? சலாம் சொல்லிவிட்டு வந்து உட்கார வேண்டியதுதானே! அதற்குக்கூட மனமில்லாதவர்களுக்குப் பந்து எதற்கு?

நான் பஸ் ஏறவில்லை. காக்கா ஒரு சஹனுக்கு முன்னால் தனியாக இருந்தார்.

"தோத்தா பசிக்காதாடா தம்பி?" என்றார்.

எதிரே உட்கார்ந்தேன். சஹனில் அவரவர் பக்கத்துச் சோற்றைத்தான் எடுக்க வேண்டும். நாங்கள் சாப்பிட்டு முடித்தும் வராத நான்கு பேரின் பக்கம் குலையாமல் கிடந்தது.

எழும்பும்போது காக்கா அதற்கு மூடி போட்டார்.

"திரும்பி வந்தானுகள் எண்டா?" என்றார்.