போர்வை மேல் விழுந்த பந்துகள்

அண்ணி ஒற்றைக்காலில் நின்றுதான் பல் தேய்ப்பார். மேல்வரிசைக்கு வலது கால், கீழ்வரிசைக்கு இடது கால். தூக்கிய கால் இன்னொரு காலில் ஒட்டக்கூடாது, இடுப்பு வாஷ்பேசினில் சாயக்கூடாது, கண்ணாடியைப் பார்க்கக்கூடாது. எல்லாம் அவரே போட்டுக்கொண்ட சட்டம். கால் மாற்றும்போது மட்டும் பிரஷ் ஒரு நொடி நிற்கும். நுரை வழிந்து முகவாய்க்கு வந்தாலும் நேரம் ஆகாமல் கால் தரைக்கு வராது.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே காத்திருக்கும் அண்ணன், "கொக்கு மீனைப் பிடிச்சாச்சா? எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்பார். வாய் நிறைய நுரை இருப்பதால் பதிலுக்குப் பதில் ஒரு கை தண்ணீர் பறந்து வரும்.

அண்ணன் பிரிட்ஜ் மெக்கானிக். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். நான்காவது மாடியில் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறேன். அண்ணிக்கு வேலை கோல்ஃப் பயிற்சித் திடலில். பன்னிரண்டு பாய்கள் வரிசையாகக் கிடக்கும். எதிரே வேலிவரைக்கும் புல். வருகிறவர்கள் கூடையில் பந்து வாங்கி, பாயில் வைத்து அடித்துவிட்டுப் போவார்கள். அந்தப் பந்துகளைச் சேர்த்து, கழுவி, மறுபடி கூடைகளில் நிரப்புவதைப் பதினோரு வருஷமாகச் செய்துவந்தார் அண்ணி. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவருடைய நகங்கள் எப்போதும் வெளுத்தே இருக்கும்.

ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். ஐந்தாம் பாயில் ஒருவர் பந்தை வேலி தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் வாய் பிளந்து பார்த்தேன்.

"அந்த ஆளு நல்லா ஆடறார்னு நெனைக்கிறியா?" என்றார் அண்ணி.

"ஆமா அண்ணி. எவ்வளவு தூரம் போகுது!"

"அடிக்கிறப்போ பாக்காதே. பொறுக்கறப்போ பாரு. இவர் பந்து ஊரெல்லாம் கெடக்கும், நான் ஒவ்வொண்ணா தேடணும். ரெண்டாம் பாய்க்கு ஒரு டீச்சரம்மா வருவாங்க. பாதி தூரம்தான் போகும். ஆனா அத்தனையும் கூடையைக் கவுத்த மாதிரி ஒரே எடத்துல கெடக்கும். நான் குனிஞ்ச எடத்துல குனிஞ்சபடியே அள்ளிட்டு வந்துடுவேன்."

பதினோரு வருஷம் பந்து பொறுக்கியதில் அவர் கற்ற ஆட்டம் இதுதான். யாரோ மறந்துபோன ஏழாம் நம்பர் மட்டையை எட்டு மாதமாக யாரும் கேட்டு வராதபோது, மேனேஜரிடம் சொல்லிவிட்டுத் தானே எடுத்துக்கொண்டார். திடல் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் அடிக்க ஆரம்பித்தார். தூரத்தை அளக்கவே இல்லை. புல்லின் மேல் நூறு அடி எடுத்து வைத்து, அங்கே ஒரு பழைய போர்வையை விரித்தார். தினம் நாற்பது பந்து. போர்வை மேல் எத்தனை விழுகிறது என்பதுதான் கணக்கு. முதல் நாள் ஒன்பது.

"அது என் போர்வைடி!" என்றார் அண்ணன், ஞாயிற்றுக்கிழமை கொடியில் பச்சைக் கறையோடு அது தொங்கியதைப் பார்த்து.

"உங்களுக்குத்தான் வேர்க்குதே."

"அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்பாங்க. இங்க என் போர்வைதான் நகருது."

போர்வையில் இருபத்திரண்டு விழத் தொடங்கிய மாதத்தில், திடலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்ற பேச்சு வந்தது. பயிற்றுநர் சான்றிதழ் இருந்தால் அண்ணிக்கே தரலாம் என்றார் மேனேஜர். சான்றிதழுக்கு ஒரு தேர்வு உண்டு: பெரிய மைதானத்தில் பதினெட்டுக் குழிகளையும் எண்பத்து நாலு அடிகளுக்குள் முடிக்க வேண்டும். மூன்று முறைதான் முயலலாம்.

அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. "பொறுக்கினது போதும்ங்க. சொல்லிக் குடுக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அண்ணனும் சிரிக்கவில்லை. போர்வையைப் பற்றி மட்டும் அவ்வப்போது முனகுவார்.

முதல் முறை தொண்ணூற்றொன்று. பதினாலாம் குழிவரை ஒழுங்காகப் போன ஆட்டம் கடைசி நாலில் அப்படியே சரிந்தது. "பயந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுப் படி ஏறியவர், மூன்றாவது மாடியில் நின்றுவிட்டார். குனிந்து கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தார்.

"பயத்துல கால் ஆடும், சரி. படியைப் பாத்துமா பயம்? இப்பவும் ஆடுதே, தம்பி."

பயமில்லை, கால்தான். பதினெட்டுக் குழியும் சுற்றி வர இரண்டு மணி நேர நடைக்கு மேல் ஆகும். அவரோ பந்து கிடக்கும் இடம்வரை திடல் வண்டியில் போய், இறங்கிப் பொறுக்கிவிட்டு மறுபடி வண்டியில் ஏறுகிறவர், இல்லாவிட்டால் கழுவும் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவர். மறுநாளே வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்து பொறுக்க ஆரம்பித்தார். "வண்டிக்கு என்ன கேடு?" என்று கேட்ட மேனேஜருக்கு, "வண்டிக்கு ஒண்ணுமில்லை, எனக்குத்தான்" என்று பதில். சாயங்காலங்களில் ஒரு தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடியையும் மூன்று முறை ஏறி இறங்கினார். இரண்டாம் மாடிப் பெண்மணி கதவைத் திறந்து, "உங்க வீட்டுக் குழாய்ல இன்னுமா தண்ணி வரல? பாவம்" என்று ஒரு மாதம் வருத்தப்பட்டார். அண்ணி அவரைத் திருத்தவில்லை. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பதும் அப்போது தொடங்கியதுதான்.

இரண்டாம் முறை கால் ஆடவில்லை. கணக்கு ஆடிவிட்டது. குழிக்குக் குழி மனதுக்குள் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். கடைசிக் குழியை நாலு அடியில் முடித்தாக வேண்டும் என்று தலைக்குள் ஒரு விடை வந்தது. அந்தக் குழிக்கு முன்னால் ஒரு குளம். நாலில் முடிக்க இரண்டாவது அடியிலேயே அதைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அடித்தார். ஒன்று தண்ணீரில். இன்னொன்றும் தண்ணீரில். மொத்தம் எண்பத்தேழு. வெளியே வந்து, அடிகளைக் குறித்த அட்டையைக் கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கடைசிக் குழிக்கு அவர் கையில் ஐந்து அடி இருந்திருக்கிறது. குளத்துக்கு இப்பக்கமே நிறுத்தி, மெதுவாகத் தாண்டியிருந்தால் போதும்.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அண்ணன் தட்டை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். "கூட்டல்தானே தப்பு, ஆட்டம் தப்பில்லையே" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டது குறைவு.

மூன்றாம் முறைக்கு முன் மேனேஜர் வெளிப்படையாகச் சொன்னார்: "அக்கா, இந்த வாட்டியும் இல்லன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க."

அந்த வாரம் போர்வை மேல் நாற்பதுக்கு முப்பத்தொன்று விழுந்தது. அண்ணி என்னிடம் வந்தார். "தம்பி, சனிக்கிழமை லீவு போடு. திடல்ல இரவல் வாங்கின மட்டைப் பையை நீ தூக்கணும்."

"எனக்கு ஆட்டமே தெரியாதே அண்ணி."

"தெரிய வேண்டாம். கூட்டத் தெரியுமில்ல? நீ கூட்டிக்கோ. எங்கிட்ட மட்டும் மொத்தம் எவ்வளவுன்னு சொல்லிடாதே. எண்ணைக் கேட்டா என் கை இறுகிடும். மூஞ்சியிலயும் காட்டக்கூடாது."

முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. ஒப்புக்கொண்டேன்.

அண்ணியோடு சேர்த்துத் தேர்வுக்கு விட்டவர் கழுத்தில் தடித்த சங்கிலி போட்ட இளைஞர். அடித்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது குழியில் அவர் கேலியை ஆரம்பித்தார்.

"அக்கா, உங்க பந்து பாதி வழியில உக்காந்து ரெஸ்ட் எடுக்குது போல?"

"வயசான பந்து தம்பி, மெதுவாத்தான் வரும். உங்க பந்து எந்த மரத்துல இருக்குன்னு தெரிஞ்சுதா?"

அவர் அதைத் தேடப் போனார். நாங்கள் நிழலில் காத்திருந்தோம். அண்ணியின் பந்து எப்போதும் பாதையின் நடுவில் இருந்தது. அழகான அடி என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. ஒரே மாதிரியான அடி, மறுபடி அதே அடி. பார்க்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டும் ஆட்டம். எனக்கு அந்த அலுப்பு பிடித்திருந்தது.

பதினாலு குழி முடிந்தபோது அறுபத்து மூன்று. அதன்பின் பதினைந்தில் ஐந்து, பதினாறில் நாலு, பதினேழில் ஆறு. ஒவ்வொன்றிலும் அந்தக் குழிக்கு வகுத்த கணக்கைவிட ஓர் அடி அதிகம்தான். ஆனால் சரிவு இல்லை. கால்கள் உறுதியாக நடந்தன. எழுபத்தெட்டு. கடைசிக் குழிக்கு ஆறு அடி மிச்சம் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சொல்ல வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதல் அடி வழக்கம்போல நடுவில் விழுந்தது. எதிரே குளம். சங்கிலிக்காரர் அதைத் தாண்டப் பார்த்து அடித்தார். பந்து விழுந்த இடத்தில் தண்ணீர் வளையம் வளையமாக விரிந்தது. "ச்சே!" என்று மட்டையைத் தரையில் குத்தினார். அண்ணி குளத்தைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் கல்லாக நின்றேன்.

"ஒன்பதாம் நம்பர் குடு" என்றார்.

அது சின்ன அடிக்கான மட்டை. பந்து குளத்துக்கு இப்பக்கம் பத்தடியில் போய் நின்றது. மூன்றாவது அடியில் குளத்தைத் தாண்டி, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய பச்சைப் புல்லில் இறங்கியது. அங்கிருந்து மட்டையால் மெல்லத் தள்ளிய இரண்டு தள்ளலில் குழிக்குள். ஐந்து. மொத்தம் எண்பத்து மூன்று.

அட்டையில் கையெழுத்துப் போடும் மேசையில்தான் அவர் எண்ணைப் பார்த்தார். இரண்டு முறை விரலால் கூட்டினார். பிறகு தேர்வாளரின் பேனாவை மறந்து தன் பைக்குள் போட்டுக்கொண்டார். தேர்வாளர் அதைக் கேட்டு வாங்கவேண்டியிருந்தது.

இப்போது அண்ணி இரண்டாம் பாய்க்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறார். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் தாங்கள் அடித்த பந்துகளைத் தாங்களே போய்ப் பொறுக்கி வரவேண்டும். சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள். அவர் விடுவதில்லை.

எண்ணே தெரியாமல் கடைசிக் குழியில் அந்தச் சின்ன மட்டையை அவர் எப்படித் துணிந்து கேட்டார் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. மூன்று மாதம் கழித்து, சமையலறை பிரிட்ஜுக்குப் பின்னால் ஸ்க்ரூ டிரைவரோடு படுத்திருந்த அண்ணன் சொன்னார்: "அவளுக்கு எப்படித் தெரியாமப் போகும்? உன்னைப் பாத்துட்டேதான் ஆடியிருக்கா. நெலமை மோசமா இருந்தா நீ பையைத் தோள்லயே வச்சுட்டு நிப்பியாம். பரவாயில்லன்னா கீழ எறக்கி வச்சுடுவியாம். உனக்கு எதையும் மறைக்க வராதுன்னு தெரிஞ்சுதான் உன்னைக் கூட்டிட்டுப் போனா."

அந்தக் குளத்தங்கரையில் பை கீழே இருந்ததாம்.