கூடைக்குள் தேடிய கை

1. முதல் நாளே சண்டை

பழவேற்காட்டுக்கு நான் வந்தது கால்பந்து சொல்லிக் கொடுக்க அல்ல, ஐஸ் உடைக்க. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். லாரியில் கிளீனர், உப்பளத்தில் கூலி, பிறகு மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை. துறைமுகக் கூலிகளின் டீமில் ஐந்து வருடம் ஸ்டாப்பர் பேக் ஆடினேன். முட்டி போனதும் ஆட்டம் போயிற்று, மூட்டையும் போயிற்று. எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் சேர்ந்தேன். படுக்கை அங்கேயே, மரத்தூள் மூட்டைகளின் மேல்.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் கால்பந்து கிளப் இருந்தது. வலை கட்டும் சவுக்குக் கம்புகள்தான் கோல் போஸ்ட். நான் துறைமுக டீமில் ஆடியவன் என்று தெரிந்ததும் ஊர்த் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். சாயங்காலம் பிராக்டிஸ் கொடுக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாடு ஊர் போடும், ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அங்கே எனக்கு முன்பே ஒரு கோச் இருந்தார். பொன்னேரியிலிருந்து சைக்கிளில் வரும் டிரில் மாஸ்டர். முதல் நாள் பிராக்டிஸ் மேட்சில் ஒருவன் மூன்று பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனான். பெயர் தேசிங்கு. வெறுங்கால். பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கோலுக்கு நேராக வந்துவிட்டான். மாஸ்டர் விசில் ஊதினார்.

"தேசிங்கு வெளிய வா. ஏழுமலை, நீ உள்ள போ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாஸ்டர், இன்னா இது? அடிக்கப் போறான், இப்பப் போயி கூப்புடறீங்க?"

"இருவது நிமிசம் ஆச்சு. அவன் முறை முடிஞ்சுபோச்சு."

"முறையா? இது பந்தாட்டமா, ரேஷன் கடை கியூவா?"

பையன்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "இந்த ஊரு உனக்குப் புதுசு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மேட்சிலும் அப்படித்தான். இன்று ஆடியவன் நாளை வெளியே உட்கார வேண்டும். கிளப்புக்குப் பந்து, பனியன் எல்லாம் ஊரே ஒரு நாள் பிடித்த மீனை ஒதுக்கி வாங்கித் தந்தது; அதனால் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் சம பங்கு என்பது மாஸ்டரின் கணக்கு. முறை என்ற பெயரில் வேண்டியவர்களை உள்ளே விடுகிறார் என்று நான் நினைத்தேன். வெளிப்படையாகவே சொன்னேன். ஒரு டோர்னமென்டில் முதல் ரவுண்டிலேயே தோற்றதும் தலைவரிடம் போய், "ஒரு வருசம் எங்கிட்ட வுடுங்க" என்று கேட்டேன். விட்டார்.

நான் பதினொரு பேரைப் பொறுக்கினேன். அந்தப் பதினொன்று மாறவே இல்லை. தேசிங்குதான் சென்டர் ஃபார்வர்டு. மற்றவர்கள் கரையில் நின்றார்கள், மாஸ்டரும் அவர்களோடு. பந்து ஏரிக்குள் போனால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்து வருவான் ஏழுமலை. கோல்கீப்பர் ஆக ஆசைப்பட்டவன். ஒரு வருடத்தில் அவனை நான் ஒரு மேட்சில்கூட நிறுத்தவில்லை.

2. ஒரே ஒரு இடம்

அந்த வருடம் பொன்னேரியில் ஃபைனல் வரை போனோம். ஃபைனலில் தேசிங்கு இரண்டு கோல். பார்க்க வந்தவர்களில் மெட்ராஸ் காலேஜ் ஒன்றின் பி.டி., அதாவது விளையாட்டு ஆசிரியரும் இருந்தார். அடுத்த ஞாயிறு அவரே பஸ் ஏறிக் குப்பத்துக்கு வந்துவிட்டார். வலைக்குவியல்மேல் துண்டைப் போட்டு உட்கார வைத்தோம்.

"உங்க கிளப்புக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு இடம் தர்றேன். ஃபீஸ் கிடையாது. ஹாஸ்டல், மெஸ் எல்லாம் ஃப்ரீ. பிளஸ் டூ பாஸ் பண்ணியிருக்கணும். அடுத்த வாரம் வர்றேன், பையனை சர்டிஃபிகேட்டோட தயாரா வைங்க."

தேசிங்கின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போனார். ஆனால் அவர் வாயில் வந்தது "உங்க கிளப்புக்கு" என்ற சொல். அதை ஊர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

பஸ் போன புழுதி அடங்கவில்லை. தலைவர் சொன்னார்: "கிளப்புல பிளஸ் டூ முடிச்சவன் அஞ்சு பேரு. அஞ்சு வூடு. புதன்கெழம மெதவ எடுத்துடலாம்."

என்ன சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டினால் இறால் கொட்டும். தள்ளிக் கட்டினால் பாசிதான். அதனால் எந்த வீட்டுக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊர் கூடி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒவ்வொரு வீட்டின் மர மிதவையிலும் அந்த வீட்டுக் குறி வெட்டியிருக்கும். மிதவைகளைக் கூடையில் போட்டு மூடி, ஒருவர் கைவிட்டு எடுப்பார். யாருடையது வருகிறதோ அவர்களுக்கு முதல் முறை.

அதே கூடையில் காலேஜ் இடத்தையும் போடப்போகிறார்கள்!

"அவுரு தேசிங்கைப் பாத்துட்டுத்தான் வந்தாரு" என்று கத்தினேன்.

"ஊரு ஒதுக்குன மீன்ல வாங்குன பந்து. ஊருக்கு வந்த இடம்" என்றார் தலைவர், கோபமே இல்லாமல்.

தேசிங்கின் அப்பா கன்னியப்பனைப் பார்த்தேன். மகனுக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார். "அதான் மொற" என்றார்.

3. புதன்கிழமை

மிதவை எடுப்பவனுக்கு ஊரில் பங்கு இருக்கக் கூடாது. வெளியாள் வேண்டும். முதலில் மாஸ்டரைக் கேட்டார்கள். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

"நான் பாடம் எடுத்த பசங்க. எனக்கு மனசுல ஒருத்தன் இருப்பான். நான் தொடமாட்டேன்."

"அப்ப நீ எடு கோச்சு. உனக்கு வூடா, வலையா?" என்றார் தலைவர்.

நான் ஒப்புக்கொண்டேன். எனக்கும் மனதில் ஒருத்தன் இருந்தான். மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கன்னியப்பன் வீட்டுக் குறி மூன்று குறுக்கு வெட்டு. அந்த வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். வாசலில் அந்த மிதவைகள் கிடக்கும். கூடைக்குள் கை விட்டதும் கட்டைவிரல் தானாகத் தடவியது. ஒரு மிதவையில் வட்டம். ஒன்றில் இரண்டு வெட்டு. இன்னொன்றில் ஏதோ கோணல். அப்புறம் மூன்று வெட்டு. எடுத்துவிட்டேன்.

"கன்னியப்பன் வூடு" என்றார் தலைவர்.

யாரும் கை தட்டவில்லை. யாரும் சண்டைக்கும் வரவில்லை. கூட்டத்திலிருந்து கன்னியப்பன்தான் எழுந்தார்.

"திரும்ப எடுக்கச் சொல்லுங்க."

மிதவையை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். "இன்னாத்துக்குண்ணா? உன் புள்ளைக்குத்தான வந்துருக்குது?"

"உன் கை தேடுச்சு கோச்சு. எடுக்கற கை தேடாது. இத நான் வாங்கினு போனா, நாளைக்கு ஏரில என் மெதவ வர்றப்பல்லாம் ஊரு என் மூஞ்சியப் பாக்கும். எனக்கு இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்குது."

பின்னால் நின்ற தேசிங்கு மெல்ல, "நைனா சொல்றது சரிதான் கோச்சு" என்றான்.

விரலுக்குக் குறி தெரியும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மிதவைகளைத் துணி சுற்றி மறைக்காமல் ஆளை நம்பி விட்டிருந்தார்கள். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மீன் ஏற்ற வந்த ஐஸ் லாரி டிரைவர் டீக்கடையில் போண்டா தின்றுகொண்டிருந்தார். அவரை இழுத்து வந்தார்கள். "நான் இன்னாபா தப்பு பண்ணேன்?" என்று எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே கூடைக்குள் விட்டு, அந்த மூச்சிலேயே வெளியே எடுத்தார். இரண்டு வெட்டு.

மீன் விற்கும் அஞ்சலை வீடு. அவள் மகன் ஏழுமலை.

4. பத்து பந்து

ஞாயிற்றுக்கிழமை பி.டி. வந்தபோது ஏழுமலை வெள்ளைச் சட்டையோடு, பிளாஸ்டிக் கவரில் சர்டிஃபிகேட்டோடு நின்றான்.

"ரெண்டு கோல் போட்ட ஒன்பதாம் நம்பர் எங்கே?"

தலைவர் விவரம் சொன்னார். பி.டி. துண்டு விரிக்கும் வரை காத்திருக்காமல் வலைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"காலேஜ் இடத்தைக் குலுக்கிப் போட்டீங்களா!"

ஏழுமலை முன்னால் வந்தான். "அவனையே கூட்டினு போங்க சார். நான் வுட்டுக் குடுத்துடறேன்."

"மொறைய ஆளுக்கு ஆளு கைமாத்தறது கெடையாது" என்றார் தலைவர். "வேணாம்னா வுட்டுடு. இன்னொருத்தனுக்குக் குடுக்க முடியாது."

பி.டி. நல்ல மனுஷர். "சரி. பையன் என்ன ஆடுவான்? கோல்கீப்பரா? பத்து பந்து அடிக்கச் சொல்லுங்க, பார்க்கலாம்."

அடிப்பவன் தேசிங்கு. முதல் இரண்டையும் கைக்கு நேராக, மெல்லத் தட்டினான். ஏழுமலை பந்தைத் திருப்பி எறிந்தான். "டேய், ஒழுங்கா அடிடா. பிச்சையா போடற?"

அடுத்த எட்டையும் தேசிங்கு உயிரைக் கொடுத்து அடித்தான். ஏழுமலை மணலில் விழுந்து புரண்டான். விரல் படும் தூரத்தில் வந்ததைத் தட்டினான். ஆனால் கோட்டில் எங்கே நிற்பது, எப்போது முன்னால் ஏறி வருவது, எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. ஐந்து உள்ளே போயின.

பி.டி. எழுந்து அவன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கை. பயமும் இல்லை. ஆனா எங்க நிக்கணும்னே யாரும் சொல்லித் தரலையே. ஒரு சீசன் ஆடியிருந்தாக்கூட நான் எடுத்திருப்பேன். இவனுக்கு யார் கோச்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் சார்."

அவர் ஏழுமலையின் கையை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அந்த இடம் வேறு ஊருக்குப் போயிற்று.

அஞ்சலை என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சட்டையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு மகனை அனுப்பியவள் திரும்பி, "எங்க வூட்டு மொற வந்த நாள்ல ஒரு நாளாவது உனக்குச் சோறு இல்லன்னு சொன்னனா கோச்சு?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அடி வாங்கியிருக்கலாம்.

5. பிறகு

மறுநாள் ஏழுமலை வந்து, "பிராக்டிஸ் உண்டா?" என்று கேட்டான். பந்து எடுக்க வேறு யாராவது தண்ணீரில் இறங்கட்டும் என்று சொல்லி அவனைக் கோலில் நிறுத்தினேன். யாரும் இறங்காததால் நானே இறங்கினேன். மாஸ்டர் விசிலை என்னிடம் நீட்டினார். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஊதினேன். அடுத்த வருடம் நாங்கள் ஃபைனல் போகவில்லை. பி.டி. மறுபடி வரவும் இல்லை. தேசிங்கு தன் நைனாவோடு வலை கட்டப் போனான்.

அங்கிருந்து கிளம்பிய பிறகு நாலைந்து ஊர்களில் பையன்களுக்குப் பந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கோச் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எந்தப் பையனுக்கு எப்போது வாய்ப்பு விழும் என்று உங்களுக்குத் தெரியாது. விழும்போது அவன் நிற்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் மாஸ்டர் எல்லோரையும் ஆடவைத்தார். வேண்டியவனை வைத்து ஆடியது நான்தான்.

அந்த மிதவை விஷயத்துக்குப் பிறகும் அந்தக் குப்பத்தில் நான்கு வருடம் இருந்தேன். ஒருவரும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. சாப்பாடு ஒரு நாளும் தவறவில்லை. அஞ்சலை வீட்டு முறையிலும் வந்தது. ஆனால் பாடு வைக்கும் நாட்களில் தலைவர் என்னைத் தாண்டி நடந்துபோவார். மிதவை எடுக்க டீக்கடையில் யாராவது வெளியூர்க்காரன் உட்கார்ந்திருக்கிறானா என்று பார்ப்பார். அங்கேயே நான் நின்றுகொண்டிருப்பேன். வீடு இல்லாதவன், வலை இல்லாதவன். என்னைக் கூப்பிடவே இல்லை.