ஒன்பது நண்பர்கள்

2025 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.40. தூறல், குடையை விரித்தால் நிற்கும், மடக்கினால் தொடரும் ரகம். பெங்களூர் அல்சூரில் எங்கள் மாடியிலிருந்து ஐம்பத்திரண்டு படி இறங்கி மூச்சு வாங்கி நிற்கையில், கீழ்வீட்டுப் பெண் திவ்யா கைப்பேசியை நீட்டினாள். உளவியல் படிக்கிறாள், கல்லூரி ஆய்வுக்கு இருபத்தைந்து கேள்விகள். பதினெட்டாவதை விட்டுவிட்டு அனுப்பினேன். சிவப்பு எழுத்தில் முறைத்தது.

“காலியா விட முடியாது அங்கிள். சும்மா ஒரு நம்பர் போடுங்க.”

சும்மா ஒரு எண்ணா! எனக்குப் பழைய ஆய்வகத்தின் வாடையே வந்துவிட்டது. பினாயில், அச்சுப்பொறி ரிப்பன் மை, பன்னிரண்டு வெள்ளை எலிகள்.

நாற்பது வருஷத்துக்கு முன் அங்கே நான் மாணவன். சரளா அக்காவின் முனைவர் பட்ட ஆய்வுக்குப் புரோகிராம் எழுதுவது என் வேலை. அக்கா கன்னடத்துக்காரர், தமிழ் சரளமாக வரும். ஹெப்பகோடி தொழிற்சாலையில் நூற்றிருபது பேரிடம் படிவம் நிரப்பி வாங்கியிருந்தோம். அதில் ஒரு கேள்வி: மனக்கஷ்டம் என்றால் பேசுவதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? பதில் பூஜ்யத்திலிருந்து எட்டு வரை. காலியாக விட்டவர்களுக்கு 9 என்று பதிய வேண்டும். ஒன்பது வந்தால் கணக்கில் சேர்க்காதே என்று கணினிக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை. தெருவிளக்குகளைக்கூட எண்ணிக்கொண்டு நடக்கிறவன் நான், இதை மறந்தேன்.

சராசரி அமோகமாக வந்தது. பேராசிரியருக்கு மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் அக்கா அதைப் படிக்க வேண்டும். திங்களன்று, அதிக நண்பர்கள் உள்ளவர்கள் யாரென்று ஆசைக்கு ஒரு பட்டியல் அச்சடித்துப் பார்த்தேன். அதில் படிவ எண் 57. அது சம்பங்கி அண்ணன். கேன்டீன் மூலையில் தனியாகச் சாப்பிடுகிறவர். அந்தக் கேள்வியை வெகுநேரம் பார்த்துவிட்டு, எழுதாமலே என்னிடம் திருப்பித் தந்தவர். அவருக்கு ஒன்பது நண்பர்கள்!

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. சொன்னால் அக்காவின் வெள்ளிக்கிழமை போகும், என் இடமும் போகலாம். வராந்தாவில் பதினோரு முறை நடந்தேன்.

“அக்கா, ஒரு தப்பு.”

“ஸ்வல்பமா, ஜாஸ்தியா?”

“பதினாலு.”

பட்டியலைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு தலையில் கைவைத்துச் சிரித்தார். “வாயே திறக்காதவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒம்பது ஃப்ரெண்டு குடுத்திருக்கே. கர்ணன்டா நீ! போ, பதினாலு பேரையும் திரும்பக் கேட்டுட்டு வா. உன் காசுல.”

மூன்று நாள் போனேன். பதின்மூன்று பேரை முடித்துவிட்டு, சம்பங்கியைக் கடைசியாகத் தொழிற்சாலை வாசல் டீக்கடையில் பிடித்தேன்.

“அன்னிக்கி ஏண்ணா எழுதாம விட்டீங்க?”

“சைபர்னு எழுத ஒருமாதிரி இருந்திச்சிப்பா.” டீயை ஊதினார். “இது ஒண்ணுக்கா பஸ் ஏறி வந்தே?”

“ஆமாண்ணா.”

“அப்ப ஒண்ணுன்னு போட்டுக்க.”

கேள்வி கேட்கிறவனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, விதி அதுதான். தயங்கித் தயங்கி அக்காவிடம் சொன்னேன். “கேட்டதுக்கு அவர் சொன்ன பதில் அதுதானே? இருக்கட்டும்” என்று ஓரத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டார். வெள்ளிக்கிழமை சராசரி சரிந்து கிடந்தது. முதல் தாளிலேயே தவறையும் திருத்தத்தையும் சொல்லிவிட்டார். பேராசிரியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் ஏற்றுக்கொண்டார். என் இடமும் போகவில்லை.

இன்று அந்த ஆய்வகம் வண்டி நிறுத்துமிடம். படிவங்களை எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அக்காவும் இல்லை, முக்கால் ரூபாய் டீயும் இல்லை. செலவை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்: பஸ் டிக்கெட் ஆறு, பதினைந்து ரூபாய். டீ இருபத்தாறு, பத்தொன்பது ரூபாய் ஐம்பது காசு. சம்பங்கியின் டீக்கும் அவரோடு நான் குடித்ததற்கும் என்னைக் கொடுக்க விடவில்லை, அவரே கொடுத்துவிட்டார். ஆக மொத்தம் முப்பத்து நான்கு ரூபாய் ஐம்பது காசு.