கோவளம் அலையில் சிமிட்டிய ஸ்பாஞ்சு டப்பா

போன சனிக்கிழமை செங்கல்பட்டிலிருந்து கோவளம் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கடலில் மிதக்கவிட்டு, அதில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க.

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். இப்போது ஆட்டோ சீட் தைக்கும் கடையில் வேலை. சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துண்டு வந்து ஒட்டுமே, அந்த மின்சாரத்தை ஸ்பாஞ்சிலும் எடுக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஸ்பாஞ்சு முழுக்கத் துளை. அமுங்கி விரியும்போது பிளாஸ்டிக் தாளை ஆயிரம் இடத்தில் தொட்டுத் தொட்டு விலகும். இரண்டின் முதுகிலும் அலுமினியத் தாள் ஒட்டி ஒயர் இழுத்தால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குட்டி எல்இடி மின்னும். எனக்கு மின்ன ஐந்து மாதம் ஆனது.

என்னோடு தைக்கும் செல்வி அக்காவின் கொழுந்தன் ஏசுதாஸ் அண்ணன் கோவளத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். இருட்டில் வேறு படகு ஏறி அவர் வலை இரண்டு முறை அறுந்தது. வலை மிதவையில் கட்டும் பேட்டரி விளக்கு உப்புத் தண்ணீரில் சீக்கிரம் செத்துவிடுகிறதாம். “ஒரு மிதவ தரேன். எரிஞ்சா எட்டு மிதவைக்கும் அந்தப் பொண்ணே செய்யட்டும். எரியலன்னா திங்கக்கெழம பேட்டரி வாங்கிடுவேன்” என்று போனில் சொல்லிவிட்டார். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு மாலைதான்.

மதியம் 1.20க்கு நானும் செல்வி அக்காவும் பேருந்து ஏறினோம். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், ஆளுக்கு 25 ரூபாய். மடியில் ஒயர் நீட்டிக்கொண்டிருந்த டப்பாவைக் கண்டக்டர் உற்றுப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, பாம் கீம் இல்லியே?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். “உன் வண்டிய விட நல்லாவே ஓடும் அண்ணாத்த, டிக்கெட்ட குடு” என்றார் செல்வி அக்கா.

மாமல்லபுரத்தில் அரை மணி காத்திருப்பு. அங்கிருந்து ஈசிஆரில் வடக்கே 20 கிலோமீட்டர், 20 ரூபாய். நிறுத்தத்திலிருந்து கடற்கரைக்கு நடந்தோம். 4.15க்கு மணலில் நின்றோம்.

ஏசுதாஸ் அண்ணன் டப்பாவை வாங்கிக் குலுக்கினார். ஸ்பாஞ்சை அமுக்க உள்ளே வைத்திருந்த மணல் பை அதன் மேல் விழும் சத்தம் கேட்டது. வெளிச்சம் இல்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள்.

“இன்னா மச்சான், கிலுகிலுப்பையா? கொழந்த அழுவுதா?”

மூடியைத் திறந்தேன். பவுடர் வாசனை. எங்கள் கடையில் ஸ்பாஞ்சை ரெக்சின் உறைக்குள் நுழைக்கும் முன் வழுக்கிப் போக முகப் பவுடர் தூவுவோம். முந்தின நாள் டப்பாவை மூடும்போது கை பழக்கத்தில் அதையே செய்திருக்கிறது. துளையெல்லாம் மாவு. தொட வேண்டிய இடமெல்லாம் மறைந்துபோயிருந்தது.

அண்ணன் டப்பாவை விட்டுவிட்டுப் படகைத் தள்ளப் போனார். “அண்ணா, நில்லுங்க!” என்று கத்தியது நான்தான் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

டப்பா அடிபடாமல் இருக்கப் பையில் சுற்றி வைத்திருந்த புது ஸ்பாஞ்சில் ஒரு சதுரம் வெட்டினேன். ஆனால் கடல் காற்றின் ஈரம் பட்டாலே இந்த மின்சாரம் வராது. டீக்கடை அடுப்போரம் அதைக் கால் மணி நேரம் காட்டிக் காயவைத்து, பிளாஸ்டிக் தாளைத் துடைத்து, சூடு ஆறுமுன் மூடி, டேப் சுற்றினேன்.

6.10க்கு அண்ணன் டப்பாவை மிதவையில் கட்டிவிட்டு விலகினார். கரையிலிருந்து இருநூறு மீட்டர் இருக்கும். இருட்டக் காத்திருந்தோம். முதல் அலை, ஒன்றுமில்லை. அடுத்ததும் இல்லை. மூன்றாவதில் ஒரு சிவப்புப் புள்ளி. அதற்கடுத்த அலையிலும்!

“ஏய், கண்ணடிக்குதுடா! தோ கீது பாரு!”

செல்வி அக்கா என் முதுகில் வைத்த அடி இரண்டு நாள் வலித்தது. படகிலிருந்து அண்ணன் கத்தினார்: “அண்ணி! எட்டு இல்ல, பன்னெண்டா செய்யச் சொல்லு!”

அக்கா வாய் திறக்குமுன் நானே கத்தினேன்: “ஒரு மாசம் ஆவும்ணா!”

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: ஸ்பாஞ்சு உலர்ந்திருக்க வேண்டும், காற்றுப் புகாமல் மூட வேண்டும். இந்த வெளிச்சத்தில் படிக்க முடியாது, இடம் காட்டத்தான் ஆகும். பேருந்தில் போகிறவர்கள் திரும்பும் வண்டி நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாலை ஆறரை வரை மட்டும் எப்படியாவது கரையில் நில்லுங்கள். அலைக்கு ஒரு தரம் சிவப்பாகச் சிமிட்டினால், அது என்னுடையது.