வேண்டுதலுக்கு ஒரு பெட்டி

என் தங்கை வாரிஜா மணிப்பாலில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த புதிதில், அவளுக்கு அங்கே என்ன வேலை என்று என் தையல் கடைக்கு வரும் பெண்கள் கேட்பார்கள். "படம் வரையுறா" என்பேன். பொய்யில்லை. நான் ஏழாவதோடு நிறுத்திவிட்டு ஊசியைப் பிடித்தவள். அவள் பி.எஸ்சி. கணக்கு. அவளைக் குறைத்துப் பேசுகிறவர்களின் ரவிக்கையைக் கடைசியாகத்தான் தைப்பேன்.

அவள் வரைந்தவை குச்சி மனிதர்கள். பக்கத்தில் முட்டை முட்டையாக வட்டங்கள். நான் ரவிக்கை வெட்ட வைத்திருக்கும் தாளின் பின்பக்கமெல்லாம் அவைதான்.

"யாருடி இவன், பட்டினி கிடந்தவன் மாதிரி?"

"கம்ப்யூட்டர்கிட்ட வேலையா வர்றவன்கா. அவன் எதுக்கு வர்றான்னு முட்டைக்குள்ள எழுதணும். இதுக்குப் பேரு யூஸ் கேஸ்."

மென்பொருளில் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே யார் வருவார், என்ன வேண்டி வருவார், வந்தால் என்னென்ன படியாக நடக்கும் என்று கதைபோல எழுதிவிட வேண்டுமாம். பிறகு அந்தக் கதையில் வரும் பொருள்களைப் பொறுக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி வரைய வேண்டும். அதற்கு என்ன தெரியும், அது என்ன செய்யும் என்பதெல்லாம் பெட்டிக்குள் போகும். முதலில் என் கடையை வைத்துத்தான் பழகினாள்.

"உன் கடைக்கு யார் வர்றா?"

"பொம்பளைங்க. ரவிக்கை தைக்க."

"சகுந்தலா?"

"அவ மாமியாரைத் திட்ட வர்றா."

"அப்ப அதுக்கும் ஒரு முட்டை போடணும்."

"போடு. மாமியாரும் இங்கதான் தைக்கிறா. ரெண்டு பேரையும் ஒரே முட்டைக்குள்ள அடைச்சிடாத."

அவளுடைய சோதனைக் காலம் முடியும் சமயத்தில் ஒரு கோயில் வேலை வந்தது. எங்கள் பக்கத்தில் நினைத்தது நடந்தால் கோயிலின் யட்சகானக் கூத்துக் குழுவை அழைத்து வீட்டு முற்றத்தில் ஆட்டம் வைப்பதாக வேண்டிக்கொள்வார்கள். வேண்டுகிறவர்கள் அத்தனை பேர் என்பதால் முறை வரப் பல வருஷமாகும். அந்த முறையைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

"கோயில்காரங்க படத்தைப் பார்த்து ஒத்துக்கிட்டா நீ நிரந்தரம். இல்லன்னா வேற இடம் பார்த்துக்கோம்மா" என்று மேலதிகாரி காமத் சொல்லிவிட்டார். கையோடு, முன்பு ஒரு லாட்ஜுக்கு வரைந்த படத்தையும் கொடுத்தார். விருந்தாளி இருந்த இடத்தில் பக்தர், அறை இருந்த இடத்தில் ஆட்டம். வாரிஜா பெயர்களை மாற்றி நீட்ட, அவரும் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கஞ்சியும் கானாங்கெளுத்திக் குழம்பும் சாப்பிட்டு முடித்ததும் என்னைக் குமாஸ்தாவாக உட்காரவைத்தாள். படிகளை நான் வாசிக்க வேண்டும், அவள் பக்தராக நடப்பாள். நான் ஒரு வரியையும் தாண்டுகிறவள் இல்லை.

"படி ஒண்ணு, பேரு. சொல்லுங்கம்மா."

"ஹிரியண்ண மொகவீரர், படுமனெ வீடு" என்றாள் சிரித்துக்கொண்டே.

எங்கள் அப்பையா. குழந்தை வாரிஜா காய்ச்சலில் பிழைத்தபோது ஆட்டம் வைப்பதாக வேண்டிக்கொண்டவர். முறை வருவதற்குள் போய்விட்டார்.

"படி ரெண்டு, பக்தர் கையெழுத்து. ஆள் இல்லையேடி?"

"கீழ பாருக்கா. வரலன்னா என்னன்னு எழுதியிருப்பேன்."

வாசித்தேன். "பக்தர் வராவிட்டால் பதிவு ரத்து. தேதி அடுத்தவருக்கு."

அவள் சிரிப்பு நின்றது. "லாட்ஜுக்கு அது சரி. ஆள் வரலன்னா ரூம் அடுத்தவனுக்கு. அப்பையா வேண்டுதலை யாருக்கா ரத்து பண்றது?"

மறுநாள் கோயில் அலுவலகத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். குமாஸ்தா ஹெப்பார் வருகிறவர்களிடம் பெயர் கேட்கவில்லை என்பதைக் கவனித்தாள். "எந்த வீடு?" என்றுதான் கேட்டார். மும்பையிலிருந்து வந்த ஒரு பையன் வீட்டுப் பெயரைச் சொன்னதும் அவன் தாத்தாவின் வேண்டுதல் வெளியே வந்தது. வாரிஜாவுக்குக் கேள்வி அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"அண்ணன் தம்பி பிரிஞ்சிட்டா, ஹெப்பாரே?"

"மூல வீட்டுல யாரு இருக்காங்களோ அவங்களோட வேண்டுதல் போகும்."

"மூல வீட்டையே வித்துட்டா?"

"நீ கம்ப்யூட்டருக்குக் கேக்குறியா, கேஸ் போடப் போறியா? வித்தா அந்த வீட்டு ஜனம் எங்க இருக்கோ அங்க போகும். சாமிக்கு விலாசம் தேடத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து பழைய படத்தைக் கிழித்தாள். அதில் பதிவு பக்தரின் வாலாகத் தொங்கியது. புதியதில் வேண்டுதலுக்கே தனிப் பெட்டி. யார் வேண்டினார், எதற்காக, இப்போது எந்த வீட்டில் யார் சுமக்கிறார் என்று அதற்குத் தெரியும். ரத்து என்ற முட்டை போய், சுமப்பவர் மாறுவது என்று ஒரு முட்டை வந்தது.

காமத்துக்குக் கோபம். "நான் சரின்னு சொன்னதை யாரு மாத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். எங்க வீட்டை அதுக்குள்ள விட்டுப் பார்த்தேன். பாதியில நின்னுடுச்சு."

"அப்ப நீயே நின்னு பேசு. கவுந்தா உன் பொறுப்பு."

கோயில் கமிட்டிக்குப் படத்தைக் காட்டும் நாளில், அர்ச்சனை என்று சொல்லிக்கொண்டு நானும் போய் அலுவலக ஜன்னலோரம் நின்றேன். கமிட்டிக்காரர்கள் குச்சி மனிதர்களைப் பார்த்துவிட்டுத் தாளை ஒருவர் கையிலிருந்து ஒருவருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வாரிஜாவின் துப்பட்டா ஓரம் அவள் விரலில் சுருண்டு சுருண்டு அவிழ்ந்தது. ஹெப்பார்தான் பெட்டியின்மேல் விரலை வைத்தார்.

"இதுல படுமனெ வீட்டைப் போட்டா என்ன வரும்?"

"ஹிரியண்ண மொகவீரர் வேண்டினது. மகள் பிழைச்சதுக்கு. இப்ப சுமக்கிறது மூத்த மகள் ஜலஜா. முறைக்குக் காத்திருக்கு."

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என்னை ஹெப்பார் நிமிர்ந்து பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார் கமிட்டியிடம். "நாங்க மனசுல வச்சிருக்கிற மாதிரியே இருக்கு." தலைவர் தலையை ஆட்டினார். காமத் எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த லாட்ஜ் படப் பிரதியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அந்த மாதமே அவளை நிரந்தரமாக்கினார்கள். எங்கள் முறை இன்னும் வரவில்லை. இப்போது ஏதோ ஆஸ்பத்திரிக்கு வரைகிறாள்.

"அக்கா, இன்னிக்கு நீ நோயாளி."

"எனக்கு என்னடி நோவு?"

"அதை நீதான் சொல்லணும். நீ எதுக்கு வந்திருக்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"